‘இது கேட்குமா?’: அத்தியாவசிய மருந்துக் கொள்கையும் இருபக்கச் சந்தேகமும்

அத்தியாவசிய மருந்துக் கொள்கையைக் கொள்கையளவில் எதிர்ப்பவர்கள் அநேகமாக எவரும் இல்லை. பெரும்பாலோருக்கு வரும் நோய்களுக்கு, பலன் நிரூபணமான, விலை கட்டுப்படியாகிற சில நூறு மருந்துகளைத் தேர்ந்தெடுத்து, அவை எப்போதும் எங்கும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று சொன்னால் நோயாளியும் தலையாட்டுவார், மருத்துவரும் தலையாட்டுவார். உலக சுகாதார நிறுவனம் 1977-இல் ஏறக்குறைய 200 மருந்துகள் கொண்ட முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. மறு ஆண்டு அல்மா ஆட்டாவில் கூடிய மாநாடு, அத்தியாவசிய மருந்துகள் கிடைப்பதை ஆரம்ப சுகாதாரத்தின் கூறுகளில் ஒன்றாக அறிவித்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தத்தமக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. இந்த ஒற்றுமையெல்லாம் மருந்து கொடுக்கும் ஜன்னல் வரைக்கும்தான். அங்கே கையில் விழுந்த வெள்ளை மாத்திரையைப் புரட்டிப் பார்த்து, ‘இது கேட்குமா?’ என்று நோயாளி தயங்குகிறார். காலையில் அரசு மருத்துவமனையில் பட்டியல் மருந்தை எழுதிய மருத்துவர், மாலையில் தன் கிளினிக்கில் அதே நோய்க்கு ஒரு பிராண்டுப் பெயரை எழுதுகிறார்.

இந்தத் தயக்கத்துக்குச் சுகாதாரத் துறைகள் வழக்கமாகக் கண்டுபிடிக்கும் காரணம் அறியாமை. அதற்கேற்ற பரிகாரமும் தயாராக இருக்கிறது: நோயாளிகளுக்கு விழிப்புணர்வு முகாம், மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை. நான் இங்கே சொல்ல வருவது வேறு. நோயாளியும் மருத்துவரும் தங்கள் கண்ணில் படும் சான்றுகளைப் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறார்கள். சான்றுகள் குறைவு, இருப்பவையும் கொள்கைக்குப் பாதகமானவை. மருந்து இருப்பில் இல்லாத நாள், டெண்டருக்கு டெண்டர் மாறும் மாத்திரையின் நிறம், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதும் ஒரே மருத்துவர், தரச் சோதனையில் தோற்ற மருந்துகளைப் பற்றிய செய்தி ஆகியவைதான் அவர்கள் கண்ணில் படுகின்றன. முதலில் மனப்பான்மையை மாற்றிவிட்டு அதன்மேல் கொள்கையை நடத்தலாம் என்று எண்ணுவது தலைகீழ்க் கணக்கு. கொள்கை நடக்கிற லட்சணத்திலிருந்துதான் மனப்பான்மை பிறக்கிறது.

மனப்பான்மையை அளப்பதாகச் சொல்லும் கணக்கெடுப்புகளைச் சற்று ஜாக்கிரதையாகவே கையாள வேண்டியிருக்கிறது. சுகாதார நிலையத்துக்கு வந்து திரும்பும் நோயாளியிடம் வாசலில் கேள்வித்தாளை நீட்டுவது இவற்றில் பரவலாகக் காணப்படும் முறை. விலை குறைந்திருக்கிறதா, திருப்தியா என்று கேட்டால் வந்தவர் திருப்தி என்பார். தனக்கு வேண்டிய மருந்து அங்கே இல்லையென்று போன மாதமே பெரிய மருத்துவமனைக்கு மாறிக்கொண்டவர் அந்தக் கேள்வித்தாளுக்குள் வருவதே இல்லை. மருத்துவரிடம் கேட்பதிலும் இதே சிக்கல்தான்: அரசுச் சம்பளம் வாங்குகிறவரிடம் அரசுக் கொள்கை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. கொள்கை நல்லது என்று கருதுவது ஒன்று, கையிலிருக்கும் மருந்தை நம்புவது இன்னொன்று, அதை விழுங்குவதோ எழுதுவதோ மூன்றாவது. முதலாவதற்குச் செலவு இல்லை. அதனால்தான் அதற்கு எப்போதும் பெரும்பான்மை கிடைக்கிறது. உயிரோடு சம்பந்தப்பட்டது மூன்றாவது. ஆகவே எழுதப்பட்ட மருந்துச் சீட்டும், நோயாளி எந்த வாசலுக்குப் போகிறார் என்பதும், மருந்தை எத்தனை மாதம் தொடர்கிறார் என்பதும் கேள்வித்தாளைவிட நம்பகமான சாட்சிகள்.

அப்படிப் பார்ப்பதற்கு இலங்கை நல்ல களம், ஏனென்றால் உலகப் பட்டியல் வருவதற்கு முன்பே அங்கே கொள்கை வந்துவிட்டது. கொழும்பு மருத்துவ பீடத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே 1950-களின் இறுதியிலேயே அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துத் தொகுப்பு நூலை உருவாக்குவதில் முன்னின்றார். மருந்தை பிராண்டுப் பெயரால் அல்லாமல் அதன் மூலப்பெயரால் அறியவும் எழுதவும் மாணவர் தலைமுறைகள் பழகின. பிறகுதான் அரசியல் வந்தது. 1970-இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசுக்காக அவரும், மருத்துவரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அறிக்கை தயாரித்தார்கள். 1971-இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் பிறந்தது, பிபிலே அதன் முதல் தலைவரானார். தனியார் சந்தைக்கு வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் மருந்து வகைகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகெங்கும் டெண்டர் கோரி மொத்தமாக வாங்கியதில் விலைகள் இறங்கின. இவ்வளவு சிறிய நாடு இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய முடியும் என்பதை மற்ற நாடுகள் வியந்து பார்த்தன. வளரும் நாடுகளுக்கு இதை எடுத்துச் சொல்லும் ஐ.நா. பணியில் இருந்தபோதே 1977-இல் கயானாவில் பிபிலே இறந்தார்.

இந்தக் கதையில் மனப்பான்மை பற்றி நமக்குத் தேவையான பாடம் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. மருத்துவமனைக்குள் பத்தாண்டுக்கும் மேலாகப் பட்டியல் புழங்கிவந்தது. அங்கே பெரிய புயல் இல்லை. தனியார் மருத்துவத்துக்கும் அதே பட்டியலை நீட்டியபோதுதான் போர் மூண்டது. மூலப்பெயரில் வரும் மலிவு மருந்தில் தரம் இருக்காது, கீழை ஐரோப்பாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருபவை கேட்காது என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் வியாபார நலன் இருந்தது என்பதில் ஐயமில்லை. 1974-இல் காலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய டெட்ராசைக்ளின் மூலப்பொருளைக் கேப்சூலாக்கித் தர உள்நாட்டில் ஆலை வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான ஃபைசர் மறுத்ததும், அமெரிக்கத் தூதரகம் வரைக்கும் விவகாரம் போனதும் வரலாறு. ஆனால் வியாபாரிகளின் பேச்சு மருத்துவர்களிடம் ஏன் எடுபட்டது? நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சரக்கையும் சோதித்துச் சொல்லப் போதிய ஆய்வக வசதி அன்று இலங்கையிடம் இல்லை. விலை இறங்கியது என்பதற்குக் கணக்கு இருந்தது. தரம் இறங்கவில்லை என்பதைக் காட்ட அதே அளவு தெளிவான கணக்கு இல்லை. சந்தேகம் நுழைந்தது அந்த இடைவெளி வழியாகத்தான். 1977-இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் பிராண்டுகள் மறுபடி பெருகின. கூட்டுத்தாபனத்தின் ‘ஒசுசல’ கடைகள் இன்றைக்கும் நடக்கின்றன, விலைக்காகவும் அரசு முத்திரைக்காகவும் அவற்றைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். அதே ஊரில், பெரியாஸ்பத்திரியில் தந்த குளிசையைப் பையில் வைத்துக்கொண்டே தனியார் பார்மசியில் ‘நல்லது’ கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

தேசிய மருந்துக் கொள்கை 2005-இல் இலங்கையில் மறுபடி எழுதப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையை அமைத்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், பதிவு விதிகளைத் தளர்த்தி அவசரக் கொள்முதல்கள் நடந்தன. 2023-இல் மருத்துவமனைகளுக்குப் போன இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து போலி என்ற குற்றச்சாட்டு வெடித்தது. 2024 பிப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். இதற்குப் பிறகு அரசு மருத்துவமனை ஊசியை ஒரு தாய் சந்தேகிக்கிறாள் என்றால் அவளுக்கு என்ன விழிப்புணர்வை ஊட்டுவது? அவள் விழிப்பாகத்தான் இருக்கிறாள்.

சீனத்தின் அனுபவம் வேறு கோணத்தைத் திறக்கிறது. அங்கே கொள்கை நேரே மருத்துவரின் பையைத் தொட்டது. பல பத்தாண்டுகளாகச் சீன அரசு மருத்துவமனைகள் மருந்து விற்பனையில் 15 சதவீதம் லாபம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது. அரசு மானியம் சுருங்கச் சுருங்க, மருத்துவமனையின் வருவாயில் ஏறத்தாழ 40 சதவீதம் மருந்திலிருந்தே வரும் நிலை உண்டானது. எழுதும் மருந்து எவ்வளவு விலை கூடியதோ அவ்வளவு ஆதாயம். 2009 ஆகஸ்டில் 307 மருந்துகளோடு தேசிய அத்தியாவசியப் பட்டியல் வந்தது. அவற்றில் 102 சீனப் பாரம்பரிய மருந்துகள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பட்டியல் மருந்துகளையே வைத்திருக்க வேண்டும், வாங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது விதி. லாபமில்லா விற்பனை படிப்படியாக விரிந்து 2017-இல் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. பட்டியலும் 2012-இல் 520, 2018-இல் 685 என்று வளர்ந்தது.

விலை குறைந்ததை நோயாளிகள் வரவேற்றார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் பெரிய மருத்துவமனையில் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ ஒரு மருந்தைத் தொடங்கியவர், அதை வாங்கத் தன் வீட்டருகே உள்ள சுகாதார நிலையத்துக்குப் போனால் அது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மறுபடி பெரிய மருத்துவமனையின் வரிசையில் நின்றார். கூட்டத்தைக் கீழ்நிலைக்குத் திருப்ப வந்த கொள்கை, மேல்நிலைக்குத் திருப்பிய விந்தை இது. மாகாணங்கள் தத்தம் துணைப் பட்டியல்களைச் சேர்த்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. கிராம மருத்துவர்களின் மனக்கசப்புக்கும் நியாயம் உண்டு: மருந்தில் வந்த வரும்படி ஒரே நாளில் நின்றது, அதை ஈடுகட்டும் மானியம் ஊருக்கு ஊர் வேறுபட்டது, தாமதமாகவும் வந்தது. இதை ‘கொள்கையை ஏற்காத மனப்பான்மை’ என்று அட்டவணையில் எழுதினால் அது பாதி உண்மைதான். சம்பளம் குறைந்தவனின் முணுமுணுப்பை மருந்தறிவின் குறைபாடாகக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மலிவு வாங்கலின் அடுத்த கட்டத்தையும் சீனம் காட்டிவிட்டது. ஜெனரிக் மருந்துகள், அதாவது காப்புரிமை முடிந்தபின் பிற நிறுவனங்கள் தயாரிப்பவை, முதலில் வந்த மூல மருந்துக்கு இணையா என்று சரிபார்க்கும் தேர்வை 2016 முதல் நடத்தி, தேறியவற்றை 2018-இன் இறுதியிலிருந்து பெரும் அளவில் ஏலமுறையில் வாங்கத் தொடங்கினார்கள். சில மருந்துகளின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. 2025 ஜனவரியில் ஷாங்காயின் மூத்த மருத்துவர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள்: மயக்க மருந்து கொடுத்தால் நோயாளி உறங்குவதில்லை, அழுத்த மாத்திரையில் அழுத்தம் இறங்குவதில்லை, பேதி மருந்தில் வயிறு போவதில்லை என்று. அரசு விசாரித்து, பெரும்பாலும் செவிவழிச் செய்தி என்றது. அதே நாட்களில், வெவ்வேறு மருந்துகளுக்கு வெளியிடப்பட்ட சோதனை எண்கள் ஒன்றுபோல இருப்பதை இணையத்தில் சிலர் கண்டுபிடித்தார்கள். பதிப்பிக்கும்போது நேர்ந்த பிழை என்று ஒழுங்குமுறை அமைப்பு விளக்கியது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்வு வைத்ததாகச் சொல்லும் அமைப்பு தேர்வுத்தாளைக் கவனமின்றி வெளியிட்டால், மாணவன் தேறினான் என்பதை யார் நம்புவார்?

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். சந்தேகம் முழுக்க மனமயக்கம் என்று சொல்பவர்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில் 82 பேருக்கு ஒரே போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. சிலருக்கு அதன் விலை இரண்டரை டாலர் என்றும், மற்றவர்களுக்குப் பத்து சென்ட் என்றும் சொல்லப்பட்டது. விலை கூடியது என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. மலிவு என்று நம்பியவர்களில் 61 சதவீதத்தினருக்கு. இரண்டிலும் மருந்து இல்லை! மருத்துவர்களும் இந்த மயக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, இதய நோய் மருந்துகளில் ஜெனரிக்கையும் பிராண்டையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பிராண்டு மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் மருத்துவ இதழ்களில் வந்த 43 தலையங்கங்களில் 23, ஜெனரிக்குக்கு மாற்றுவதற்கு எதிராக எழுதப்பட்டிருந்தன. ஆக, சான்று ஒரு பக்கம் இருக்கப் படித்தவர்களின் பேனா இன்னொரு பக்கம் சாய்கிறது.

இந்த ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து வரும் முடிவைத்தான் மறுக்கிறேன். விலையைக் கொண்டு தரத்தை ஊகிப்பது வேறு அளவுகோல் இல்லாதவன் செய்யும் காரியம். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதை நாவும் கண்ணும் சொல்லாது. அப்போது விலையும், பெட்டியும், நிறமும், கொடுப்பவரின் முகபாவமும்தான் சாட்சி. அமெரிக்காவிலேயே மாரடைப்புக்குப் பின் மருந்து சாப்பிடுபவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, மாத்திரையின் நிறம் மாறிய பிறகு மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறிய பிறகு 66 சதவீதமும் கூடியது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர், ‘காலையில் சிவப்பு, ராத்திரிக்கு வட்ட வெள்ளை’ என்று கணக்கு வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் டெண்டரில் வெல்பவர் மாறினால் அந்தக் கணக்கே கலைந்துவிடுகிறது. கணக்கைக் கலைத்தவர் டெண்டர் போட்டவர். நிறமும் வடிவமும் மாறக்கூடாது என்று டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் தீரும் விஷயத்துக்கு முதியவரின் மனப்பான்மையை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் இந்த விவாதத்துக்கு அரை நூற்றாண்டு வயது. 1975-இல், மருந்துத் துறையை ஆராய அரசு அமைத்த ஹாத்தி குழு 117 அத்தியாவசிய மருந்துகளைப் பட்டியலிட்டு, பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. பிராண்டுகள் ஒழியவில்லை. தேசியப் பட்டியல் 1996-இல் வந்து, 2003, 2011, 2015, 2022 எனத் திருத்தப்பட்டு இப்போது 384 மருந்துகளில் நிற்கிறது. 2013-க்குப் பிறகு அதன் முக்கிய வேலை விலைக்கு உச்சவரம்பு கட்டுவது. மருத்துவர்களின் மனப்பான்மை எவ்வளவு வலிமையானது என்பது 2023 ஆகஸ்டில் தெரிந்தது. மூலப்பெயரிலேயே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் அம்மாதம் 2-ஆம் தேதி விதி வெளியிட்டது. மூன்றே வாரத்தில் அதை நிறுத்திவைத்தது. இந்திய மருத்துவச் சங்கத்தின் வாதம் எளிமையானது: தயாராகும் மருந்துகளில் மிகச் சிறு பங்குதான் சோதிக்கப்படுகிறது, தரத்துக்கு உத்தரவாதம் தராமல் பிராண்டை எழுதாதே என்றால், எந்தக் கம்பெனி மருந்தைக் கொடுப்பது என்ற முடிவு மருத்துவர் கையிலிருந்து கடைக்காரர் கைக்குப் போய்விடும்.

சங்கத்தின் நலன்களைச் சுட்டிக்காட்டி இதைத் தள்ளிவிடுவது எளிது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் வாசலில் காத்திருப்பதும், சாம்பிள்களும் மாநாட்டுச் செலவுகளும் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஆனாலும் வாதத்தில் சாரம் இருக்கிறது. ஒரு ஜெனரிக் மருந்து உடலுக்குள் மூல மருந்தைப் போலவே உறிஞ்சப்படுகிறதா என்ற சோதனை, எளிதில் கரையாத ரகங்களுக்குக்கூட 2017-க்குப் பிறகுதான் இந்தியாவில் கட்டாயமானது. அதற்கு முன், புது மருந்து அறிமுகமாகி நான்காண்டு கடந்துவிட்டால் அந்தச் சோதனை இல்லாமலே மாநில உரிமம் பெற்றுத் தயாரிக்க வழியிருந்தது; அப்படி உரிமம் பெற்றவை இன்றும் சந்தையில் உண்டு. வலிப்பு மருந்து, தைராக்சின், வார்ஃபரின் போன்று அளவு சற்றுப் பிசகினாலும் ஆளைப் பாதிக்கும் மருந்துகளில் மருத்துவர் எச்சரிக்கையாக இருப்பது கடமை. கடைக்காரரைப் பற்றிய அச்சமும் கற்பனை அல்ல. விலைக் கட்டுப்பாட்டு ஆணை சில்லறை விற்பனைக்கு 16 சதவீத லாபம் அனுமதிக்கிறது. பத்து ரூபாய் மருந்தில் அது ஒன்று அறுபது, நூறு ரூபாய் மருந்தில் பதினாறு ரூபாய். எதை எடுத்துக் கொடுக்கத் தோன்றும்?

ஆனால் சங்கம் சொல்லாமல் விட்ட பாதியும் இருக்கிறது. பிராண்டு இருந்தால் தரம் உண்டு என்பதற்கு அதே நாட்டில் என்ன உத்தரவாதம்? இந்தியாவில் விற்கும் பிராண்டுகளில் மிகப் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்த ஜெனரிக்குகளே. சில, ஒப்பந்த ஆலைகளில் தயாராகி வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விலைக்கு வருபவை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாராகி, பிராண்டுப் பெயரோடு மருத்துவர் சீட்டில் எழுதப்பட்டு விற்ற மருந்து. நச்சான டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது 48 சதவீதத்துக்கும் மேல். தரக் கவலை நியாயமானது என்றால் அது எல்லா மருந்துக்கும் பொது. அதை ஜெனரிக்குக்கு எதிராக மட்டும் நீட்டுவது வாதம் அல்ல, வசதி.

ஆணையிட்டு மனப்பான்மையைத் தாண்டிச் சென்ற நாடும் உண்டு. 1982 ஜூனில் ராணுவ ஆட்சியில் இருந்த வங்கதேசம், நூருல் இஸ்லாம் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி ஏறத்தாழ 1,700 மருந்துகளைத் தேவையற்றவை அல்லது தீங்கானவை என்று விலக்கி, 150 அத்தியாவசிய மருந்துகளை முன்னிறுத்தியது. குழுவில் இருந்த ஜஃப்ருல்லா சவுத்ரி அதற்காக வாழ்நாள் முழுக்க வசை வாங்கினார். மருத்துவச் சங்கம் எதிர்த்தது, வல்லரசுகள் நெருக்கின. இன்று அந்நாட்டின் மருந்துத் தேவையில் மிகப் பெரும்பகுதியை உள்நாட்டு ஆலைகளே தருகின்றன. ஆகவே ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம், உத்தரவு போதும் என்று சிலர் முடிவுகட்டுவார்கள். வங்கதேசம் காட்டுவது அதுவல்ல என்றே நினைக்கிறேன். உத்தரவு சந்தையைத் திருத்தியது. எழுதும் பேனா மூலப்பெயருக்கு மாறவில்லை. அங்கும் மருத்துவர்கள் பிராண்டுகளைத்தான் எழுதுகிறார்கள், உள்நாட்டுப் பிராண்டுகளை.

மனப்பான்மையைப் பற்றி அதிகம் பேசாமலே அதை ஓரளவு மாற்றியது தமிழ்நாடு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி 1995 ஜனவரியில் கொள்முதலைத் தொடங்கியது. அதை நிறுவி நடத்திய ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கம். அதற்கு முன் அரசு மருத்துவமனையில் ‘வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது அன்றாட வசனம். கழகம் எடுத்துக்கொண்ட வேலைகள் பார்ப்பதற்குக் கவர்ச்சியற்றவை: மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் ஒதுக்கீட்டுக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ள ஒரு பாஸ்புக், இருப்பைக் கணினியில் கண்காணித்தல், பட்டியலில் இல்லாததை உள்ளூரில் வாங்க ஒரு சிறு பங்குப் பணம். வந்த ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறும் வரை கிடங்கிலிருந்து மருந்து நகராது. தோற்ற கம்பெனி தடைப்பட்டியலுக்குப் போகும். மாத்திரைகள் டப்பாவிலிருந்து கொட்டித் தாளில் மடிக்கப்படாமல், அரசு முத்திரை அச்சிட்ட ஸ்டிரிப்பில் வந்தன. தணிக்கை அறிக்கைகள் இங்கும் குறை கண்டிருக்கின்றன, சில மருந்துகளுக்கு இன்றும் தட்டுப்பாடு வருகிறது. ஆனாலும் கேரளமும் ராஜஸ்தானும் இந்த அமைப்பைத்தான் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டு கொடுக்க முடிவதற்கு இந்தக் கிடங்குகளே அடித்தளம். மாதம் தவறாமல் வரும் மருந்தைச் சாப்பிட்டு, சர்க்கரை அளவு கட்டுக்குள் இருப்பதைத் தன் கண்ணால் பார்க்கும் நோயாளிக்கு நம்பிக்கையைப் பற்றிச் சொற்பொழிவு தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டிலும் தீராமல் நிற்பது, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு சீட்டுப் பிரச்சினை. காலையில் எழுதிய மூலப்பெயரை மாலையில் பிராண்டாக்கும் மருத்துவர், ஒரு வார்த்தை பேசாமலே அரசு மருந்தைப் பற்றித் தன் தீர்ப்பை நோயாளியிடம் சொல்லிவிடுகிறார். எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்தச் சீட்டை வெல்ல முடியாது. அவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: கழகக் கிடங்கில் சோதித்த பேட்ச் இது என்று காலையில் எனக்குத் தெரியும், மாலையில் கடையில் இருக்கும் ஜெனரிக் எந்தச் சோதனையில் தேறியது என்று யார் சொல்வார்? அரசுக்கு இதற்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஜெனரிக் மருந்துகளை மலிவாக விற்கும் 1,000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன. நாடெங்கும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் பல்லாயிரமாகப் பெருகியிருக்கின்றன. மலிவு என்பதைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். சோதித்தது என்பதையும் அதே அளவில் எழுத வேண்டும், எழுதுவதோடு காட்டவும் வேண்டும்.

இதற்கு ஒரு ஆட்சேபம் உடனே வரும்: ஆய்வக அறிக்கையை எந்த நோயாளி படிக்கப்போகிறார்? யாரும் படிக்கப்போவதில்லை. ரேஷன் கடை எடைக்கல்லின் அடியில் இருக்கும் முத்திரையையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் முத்திரை இருக்கிறது, வேண்டுமென்றால் எவரும் பார்க்கலாம் என்பதில்தான் கடைக்காரரின் நேர்மை கட்டுண்டிருக்கிறது. அறிக்கையை மருத்துவர் படிப்பார், நிருபர் படிப்பார், போட்டிக் கம்பெனி நிச்சயம் படிக்கும். இப்போதைய நிலைமை விசித்திரமானது. தரத்தில் தோற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. நாளிதழ்கள் ‘இத்தனை மருந்துகள் தரமற்றவை’ என்று தலைப்புப் போடுகின்றன. எத்தனையைச் சோதித்ததில் இத்தனை என்பது செய்தியின் அடியில்கூட வருவது அரிது. தோல்வி மட்டுமே தொடர்ந்து காதில் விழுகிற ஒரு சமூகம் மருந்தைச் சந்தேகிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது மிக எளிமையான ஒன்று. அரசு வாங்கும் ஒவ்வொரு மருந்தின் பேட்ச் எண்ணுக்கும் நேராக, எந்த நாளில் எந்த ஆய்வகம் சோதித்தது, முடிவு என்ன என்பதை, தேறியதும் தோற்றதுமாக, யாரும் பார்க்கும் இடத்தில் வெளியிட வேண்டும். மருந்தகங்களில் விற்கும் ஜெனரிக்குக்கும் அதே விதி பொருந்த வேண்டும். மாத்திரையின் நிறமும் வடிவமும் டெண்டர் நிபந்தனையில் சேர வேண்டும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சோதனைகள் முப்பதாண்டாக நடந்துவருகின்றன. முடிவுகள் கோப்பில் இருக்கின்றன. அவற்றைத் திறந்துவைக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கொள்முதலிலிருந்தே தொடங்கலாம்.